டெட்ரிஸ் யாருடையது?



இந்த மாதச் சுவர் இதழுக்கு வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் "இதெல்லாம் பாடமா?" என்று சிலர் கேட்டார்கள். பாடம்தான். இதில் கணக்கு இருக்கிறது, வரலாறு இருக்கிறது, குடிமையியலும் கொஞ்சம் இருக்கிறது. "பொண்ணுங்களுக்கு எதுக்கு வீடியோ கேம்?" என்று கேட்டவர்களுக்கும் நடுவில் ஒரு பதில் இருக்கு. தேடிப் படிங்க.

ஒரு புது விளையாட்டு வெளிவரும்போது விளம்பரத்தில் அதன் பெயருக்குக் கீழே சில பெயர்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் என்று. சில விளையாட்டுகள் எல்லாவற்றிலும் வரும். சிலது ஒன்றே ஒன்றில்தான் வரும். ஏன் அப்படி? மெஷினின் சக்தி ஒரு காரணம். பெரிய விளையாட்டை சின்ன மெஷின் தாங்காது. இன்னொரு காரணம் உரிமை.

உரிமை என்றால் என்ன? நம் பக்கத்தில் ரோட்டோரப் புளியமரங்களை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள் இல்லையா? ஏலம் எடுத்தவர் புளி உலுக்கலாம். மரத்தை வெட்ட முடியாது. அடுத்த வருஷத்துப் புளியும் அவருடையது இல்லை. சினிமாவிலும் இப்படித்தான். ஒரே படத்துக்கு தியேட்டர் உரிமை ஒருத்தருக்கு, டிவி உரிமை ஒருத்தருக்கு, பாட்டு உரிமை ஒருத்தருக்கு என்று தனித்தனியாக விற்பார்கள். வீடியோ கேமையும் அப்படித்தான் மெஷின் மெஷினாகப் பிரித்து விற்கிறார்கள்.

முக்கியமாக மூன்று வகை மெஷின். முதலாவது கம்ப்யூட்டர். இரண்டாவது டிவியோடு வயர் போட்டு இணைக்கிற பெட்டி, இதற்குக் கன்சோல் என்று பெயர். நம் ஊரில் கேசட் போட்டு விளையாடுவார்களே, அது இந்த வகை. மூன்றாவது கையிலேயே வைத்து விளையாடுவது, திரையும் பட்டனும் அதிலேயே இருக்கும். இந்த மூன்றுக்கும் மூன்று பேர் சண்டை போட்ட ஒரு விளையாட்டு உண்டு. அதுதான் டெட்ரிஸ். மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். அடுக்கு உச்சி வரை போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டுதான். ஆனா அதை யார் செய்தார் என்று கேட்டால் என் வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

செய்தவர் பெயர் அலெக்ஸி பஜித்னோவ். 1984-ல் ரஷ்யாவும் சேர்ந்து சோவியத் யூனியன் என்று ஒரே நாடாக இருந்தது. அதன் தலைநகர் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அவர் வேலை பார்த்தார். அவர் கையில் இருந்த கம்ப்யூட்டர் எலெக்ட்ரோனிகா 60. அதில் படமே வராது, எழுத்தும் குறியும்தான் வரும். அதனால் கட்டைக்குப் பதிலாக அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டம் மாதிரி காட்டினார். நாம் நோட்டில் பேனாவால் கட்டம் போடுவதை விடச் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும்.

அவருக்கு யோசனை வந்தது ஒரு பழைய புதிரிலிருந்து. ஐந்து சதுரங்களை ஒட்டிச் செய்த 12 துண்டுகள், அவற்றை ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தால் ரொம்பக் கஷ்டமாகிவிடும் என்று நான்கு சதுரமாகக் குறைத்தார். கிரேக்க மொழியில் டெட்ரா என்றால் நான்கு. அவருக்குப் பிடித்த விளையாட்டு டென்னிஸ். இரண்டையும் சேர்த்து டெட்ரிஸ்.

இங்கே கொஞ்சம் கணக்கு. நான்கு சதுரத்தைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் எத்தனை உருவம் வரும்? கணக்கு நோட்டில் போட்டுப் பாருங்கள். அட்டையில் வெட்டிப் புரட்டிப் போட முடியுமென்றால் ஐந்துதான். ஆனா திரையில் கட்டையைத் திருப்பலாம், புரட்ட முடியாது. நம் இடது கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் வலது காலுக்குச் சேராது இல்லையா, அது மாதிரி. அதனால் இரண்டு உருவங்களுக்குக் கண்ணாடி ஜோடி தனியாக வேண்டும். மொத்தம் ஏழு. நீளக் குச்சி, சதுரம், நடுவில் மூக்கு வைத்தது, இடது கொக்கி, வலது கொக்கி, இடது படி, வலது படி. (இந்தப் பெயரெல்லாம் நானே வைத்தது.)

ஒரு கேள்வி கேட்கிறேன். ஏழு கட்டைக்கும் சேர்த்து 7 x 4 = 28 சதுரம். 4 கட்டம் அகலம், 7 கட்டம் நீளம் உள்ள செவ்வகத்திலும் 28 சதுரம்தான். அப்படியென்றால் ஏழு கட்டையையும் ஒவ்வொரு முறை மட்டும் பயன்படுத்தி அந்தச் செவ்வகத்தை நிரப்ப முடியுமா? காலண்டர் அட்டையில் வெட்டி முயற்சி பண்ணுங்க. விடை கடைசியில் இருக்கு. இப்பவே கீழே பார்க்கக் கூடாது.

சரி, கதைக்கு வருவோம். மாஸ்கோவில் எலெக்ட்ரோனிகாவை விட ஐ.பி.எம். கம்ப்யூட்டர் நல்லது, அதில் வண்ணம் வரும். அதற்கு ஏற்ற மாதிரி டெட்ரிஸை மாற்றி எழுதியவர் வாதிம் கெராசிமோவ். அவருக்கு அப்போது வயது 16. பள்ளிக்கூட மாணவர்! நம்மை விட இரண்டு வயசுதான் கூட. இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. பின்னாளில் அவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அந்த டெட்ரிஸ் கடையில் விற்கப்படவில்லை. பிளாப்பி டிஸ்கில் ஒருத்தர் காப்பி பண்ணி இன்னொருத்தருக்குக் கொடுத்து, மாஸ்கோ முழுக்கப் பரவி, பக்கத்து நாடான ஹங்கேரிக்கும் போய்விட்டது. சோவியத் நாட்டில் அன்றைக்குத் தனி மனிதர் மென்பொருள் செய்து வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பஜித்னோவ் தன் உரிமையைப் பத்து வருஷத்துக்கு அரசாங்கத்துக்கே விட்டுக் கொடுத்தார். வெளிநாட்டு வியாபாரத்தைக் கவனித்தது எலோர்க் என்ற அரசு நிறுவனம்.

1986-ல் லண்டனில் கம்பெனி வைத்திருந்த ராபர்ட் ஸ்டைன் என்பவர் ஹங்கேரியில் டெட்ரிஸைப் பார்த்தார். மாஸ்கோவுக்கு டெலக்ஸ் அனுப்பினார். (டெலக்ஸ் என்றால் தந்தி மாதிரி, டைப் அடித்தால் அங்கே அச்சாகி வரும்.) எங்களுக்கு ஆர்வம் உண்டு என்று பஜித்னோவ் பதில் போட்டார். ஆர்வம் உண்டு என்பதற்கும் கொடுத்துவிட்டோம் என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ஸ்டைன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் மிரர்சாஃப்ட் என்ற கம்பெனிக்கும் அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் என்ற கம்பெனிக்கும் உரிமையை விற்றார். 1988-ல் கம்ப்யூட்டர் டெட்ரிஸ் அங்கே கடைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் எலோர்க்கோடு ஸ்டைனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏலம் எடுப்பதற்கு முன்னாலேயே புளியை உலுக்கிச் சந்தையில் விற்ற கதைதான்.

ஸ்டைனிடம் இருந்தது கம்ப்யூட்டருக்கான உரிமை. ஆனா அவரிடம் வாங்கியவர்கள் அதை டிவி பெட்டிக்கும் சேர்த்து இன்னொருத்தருக்கு விற்க, அவர்கள் வேறொருத்தருக்கு விற்க, சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சங்கிலியில் ஒருவர்தான் ஹெங்க் ரோஜர்ஸ். நெதர்லாந்தில் பிறந்து ஜப்பானில் கேம் கம்பெனி நடத்தியவர். 1988 ஜனவரியில் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் டெட்ரிஸைப் பார்த்துவிட்டு, வரிசையில் திரும்பத் திரும்ப நின்று விளையாடினாராம். ஜப்பான் உரிமையை வாங்கி அந்த ஊர் கம்ப்யூட்டருக்கும், நிண்டெண்டோ கம்பெனியின் டிவி பெட்டிக்கும் டெட்ரிஸை வெளியிட்டார்.

அப்போது நிண்டெண்டோ கேம் பாய் என்ற கையடக்க மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தது. அதோடு இலவசமாக என்ன விளையாட்டு கொடுப்பது? அவர்களிடம் மரியோ இருந்தது. ரோஜர்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? மரியோ கொடுத்தால் சின்னப் பையன்கள்தான் வாங்குவார்கள், டெட்ரிஸ் கொடுத்தால் எல்லாரும் வாங்குவார்கள் என்றார். பெண்கள், அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லாரும். மெஷினுக்குப் பெயர் கேம் 'பாய்'. ஆனா அதை விற்றுக் கொடுக்கப் போவது பையன்கள் மட்டும் இல்லை என்று அவருக்கு 1988-லேயே தெரிந்திருக்கிறது. (மேலே கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் இதுதான்.)

கையடக்க உரிமை கேட்டு 1989 பிப்ரவரியில் ரோஜர்ஸ் சுற்றுலா விசாவில் மாஸ்கோ போனார். அழைப்பு கிடையாது, எலோர்க் எங்கே இருக்கிறது என்று கூடத் தெரியாது. விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்து, நேராக உள்ளே போய்விட்டார். அதே வாரத்தில் ஸ்டைனும் மாஸ்கோவில் இருந்தார். மிரர்சாஃப்ட் பக்கத்திலிருந்து கெவின் மேக்ஸ்வெல்லும் வந்திருந்தார், அவருடைய அப்பா இங்கிலாந்தில் பெரிய பத்திரிகை முதலாளி. மூன்று பேரையும் எலோர்க் அதிகாரி நிக்கோலாய் பெலிக்கோவ் தனித்தனியாகச் சந்தித்தார்.

ரோஜர்ஸ் தான் விற்கும் டெட்ரிஸ் கேசட்டைப் பெருமையாக எடுத்து மேஜையில் வைத்தார். பெலிக்கோவ் திகைத்துவிட்டார். டிவி பெட்டிக்கு நாங்கள் யாருக்குமே உரிமை கொடுக்கவில்லையே, இது எப்படி வந்தது என்று கேட்டார். அப்போதுதான் ரோஜர்ஸுக்கே புரிந்தது, தான் காசு கொடுத்து வாங்கியது, விற்றவர்களிடமே இல்லாத பொருள் என்று. அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் மழுப்பியிருப்பார்கள். அவர் யாரிடம் வாங்கினேன் என்று விளக்கிச் சொல்லி, விற்ற கேசட்டுகளுக்கு உண்டான பங்கைத் தருகிறேன் என்றார். அதனால்தான் அவர் மேல் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. பஜித்னோவும் அங்கே இருந்தார். இருவரும் அன்றைக்குப் பழகிய நண்பர்கள்.

பெலிக்கோவ் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டைனோடு போட்ட பழைய ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் தயார் செய்தார். அதில் பணம் தாமதமானால் அபராதம் என்று ஒரு பெரிய பகுதி. ஸ்டைன் அதைப் பார்த்துத்தான் பதறினார், அதைப் பற்றியே பேசினார். இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று ஒரு வரி இருந்தது. செயலி, திரை, டிஸ்க் டிரைவ், கீபோர்டு, இயங்குதளம் இவையெல்லாம் சேர்ந்ததுதான் கம்ப்யூட்டர் என்று. பார்த்தால் நம் கம்ப்யூட்டர் பாடத்தில் வரும் ஒரு மார்க் கேள்வி மாதிரி இருக்கும். ஸ்டைன் கையெழுத்துப் போட்டார். டிவி பெட்டியில் கீபோர்டும் இல்லை, டிஸ்க் டிரைவும் இல்லை. அந்த ஒரே வரியில் டிவி பெட்டி உரிமை முழுதும் அவரிடமிருந்தும், அவரிடம் வாங்கிய எல்லாரிடமிருந்தும் போய்விட்டது.

கையடக்க உரிமை ரோஜர்ஸுக்கு. மார்ச் மாதத்தில் டிவி பெட்டி உரிமை நிண்டெண்டோவுக்கு. ஆனா அமெரிக்காவில் அடாரி கேம்ஸ் கம்பெனி, டென்கென் என்ற பெயரில், தாங்கள் சங்கிலியில் வாங்கிய உரிமையை நம்பி டிவி பெட்டி டெட்ரிஸைத் தயார் பண்ணி 1989 மே மாதம் கடையில் போட்டுவிட்டது. நிண்டெண்டோவும் அவர்களும் சான்பிரான்சிஸ்கோ கோர்ட்டுக்குப் போனார்கள். டென்கென் பக்கத்து வாதம் என்ன தெரியுமா? நிண்டெண்டோ பெட்டிக்கு ஜப்பானில் பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்', அப்புறம் எப்படி அது கம்ப்யூட்டர் இல்லை என்பீர்கள்? யோசித்தால் சிரிப்பு வருகிறது, ஆனா கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஜப்பானில் அந்தப் பெட்டிக்குக் கீபோர்டும் தனியாக விற்றார்கள். நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் ஒப்புக்கொள்ளவில்லை. ஜூன் மாதம் தடை வந்தது. டென்கென் தன் கேசட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அது நன்றாக இருந்தது என்று விளையாடியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் விளையாடலாம். பாவம், நல்ல விளையாட்டுதான்.

2017-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் டிவியிலும் ஓடும், கையிலும் ஓடும். அது 1989-ல் வந்திருந்தால் பெலிக்கோவ் எந்த வரியில் எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்!

கேம் பாய் ஜப்பானில் 1989 ஏப்ரல் 21-ல் வந்தது. அமெரிக்காவில் ஜூலை 31-ல் டெட்ரிஸோடு சேர்த்து வந்தது. அதன் திரையில் வண்ணமே கிடையாது, பச்சையும் சாம்பலும் கலந்த நான்கு சாயல் மட்டும். அடுத்த வருஷம் சேகா கம்பெனி வண்ணத் திரையோடு கேம் கியர் கொண்டுவந்தது. அதற்கு, கடிகாரத்துக்குப் போடும் அளவு பேட்டரி ஆறு வேண்டும், நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஜெயித்தது கேம் பாய்தான். டெட்ரிஸுக்கு வண்ணம் தேவையே இல்லை, உருவம் தெரிந்தால் போதும். மெஷினுக்கு ஏற்ற விளையாட்டு, விளையாட்டுக்கு ஏற்ற மெஷின். கேம் பாய் டெட்ரிஸ் மட்டும் சுமார் 3.5 கோடி விற்றது. 1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் அதை விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோய் விளையாடினார்.

விளையாடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கேம் பாய் டெட்ரிஸில் ஆரம்ப நிலையில் ஒரு வரிசை அழித்தால் 40 புள்ளி, ஒரே நேரத்தில் இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. ஒவ்வொன்றாக நான்கு முறை அழித்தால் 160தான். பொறுமையாகக் காத்திருந்து நீளக் குச்சியை ஓரத்தில் இறக்கினால் ஏழரை மடங்கு. ஆனா குச்சி வருவதற்குள் அடுக்கு உயர்ந்துவிட்டால் அவுட்.

இத்தனை கோடி விற்றதில் பஜித்னோவுக்கு எவ்வளவு கிடைத்தது? 1996 வரைக்கும் விற்பனையில் பங்கு ஒன்றுமே இல்லை. 1991-ல் அவர் அமெரிக்கா போய்விட்டார், அதே வருஷம் சோவியத் யூனியனும் கலைந்தது. பத்து வருஷக் கெடு முடிந்த பிறகு 1996-ல்தான் ரோஜர்ஸோடு சேர்ந்து டெட்ரிஸ் கம்பெனி ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் காசு.

இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது இரண்டு கட்சி ஆகிவிட்டது. அரசாங்கச் சம்பளம், அரசாங்கக் கம்ப்யூட்டர், அப்போ அது அரசாங்கத்துக்குத்தானே என்று ஒரு கட்சி. மூளை அவருடையதுதானே என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. முழுசும் அவருக்கே கொடுக்க வேண்டாம், ஆனா ஒரு பங்காவது கொடுத்திருக்கலாம். லண்டன், டோக்கியோ, சான்பிரான்சிஸ்கோ என்று எல்லாரும் சண்டை போட்டது அவர் செய்த பொருளுக்காக. ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டருக்கு விளக்கம் எழுதினார்கள், செய்தவருக்கு ஒரு பங்கு எழுதவில்லை. அந்த 16 வயசு அண்ணன் பெயரோ விளையாடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. எங்கள் மாமா சின்ன வயதில் திருவிழாக் கடையில் வாங்கிய 'பிரிக் கேம்' எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டு பேட்டரி போட்டால் இன்னமும் ஓடுகிறது. திரையில் குறுக்கே 10 கட்டம், நெடுக்கே 20 கட்டம், எண்ணிப் பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பது சாட்சாத் டெட்ரிஸ். ஆனா டெட்ரிஸ் என்ற பெயர் எங்கேயும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. மேலே 9999 கேம் என்று போட்டிருக்கு. உண்மையில் பத்துப் பதினைந்து கூடத் தேறாது, வேகத்தை மாற்றி மாற்றி எண்ணியிருக்கிறார்கள். "இந்தப் பணத்துல பஜித்னோவுக்குப் பங்கு போச்சா மாமா?" என்று கேட்டேன். "அவரு யாரு?" என்றார் மாமா.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் நிண்டெண்டோ டிவி பெட்டியின் அதே 1989 டெட்ரிஸை 157-ஆம் நிலை வரைக்கும் விளையாடினான். அங்கே புரோகிராம் தாங்காமல் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. 34 வருஷமாக மனிதர் யாரும் அதுவரை போனதில்லை.

கணக்குக்கு விடை: நிரப்ப முடியாது. 4 x 7 செவ்வகத்துக்குச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை அடியுங்கள். கறுப்பு 14, வெள்ளை 14 வரும். குச்சி, சதுரம், இரண்டு கொக்கி, இரண்டு படி ஆகிய ஆறு கட்டைகளையும் எங்கே எப்படி வைத்தாலும் கறுப்பு 2, வெள்ளை 2 மூடும். மூக்கு வைத்த கட்டை மட்டும் ஒரு நிறத்தில் 3, இன்னொரு நிறத்தில் 1 மூடும். மொத்தம் 15-ம் 13-ம்தான் வரும், 14-ம் 14-ம் வரவே வராது. நம்பாதவர்கள் வெட்டின அட்டைகளை 9-ஆம் வகுப்பு ஜன்னல் பக்கம் கொண்டுவரவும்.